பிஸ்கட் டின்னுக்குள் ஒரு விளக்கு

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டுக்குள் சண்டை எப்போது நுழைந்தது என்று யாராவது கேட்டால், குண்டு விழுந்த நாளை நான் சொல்லமாட்டேன். அப்பா குத்துவிளக்கை வாயால் ஊதி அணைத்தாரே, அந்த நாளைத்தான் சொல்வேன்.

எங்கள் வீட்டில் விளக்கை யாரும் ஊதமாட்டோம். படுக்கப் போகுமுன் அம்மா ஒரு செம்பருத்தி இதழை எண்ணெயில் தொட்டுத் திரியின் தலையில் வைத்து மெல்ல அழுத்துவாள். விளக்கைக் குளிர வைக்கிறேன் என்பாள். வாயால் ஊதினால் வீட்டு லட்சுமியை முகத்தில் அடித்து விரட்டுவது மாதிரி என்று அவளுக்கு நினைப்பு. இந்த ஒரு வேலைக்காகவே சமையல்கட்டுக்குப் பின்னால் வெயில் விழும் மூலையில், மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றில் செம்பருத்திச் செடி வளர்த்துவந்தாள்.

ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை எங்களுக்கு. கீழே துணி தைக்கும் சீனத்தி ஒருத்தி குடியிருந்தாள். அப்பா துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. அம்மா, நான், நடக்கப் பழகி ஓடப் பழகாத தம்பி, அவ்வளவுதான் குடும்பம். எனக்கு அப்போது பாவாடை தாவணி வயது. மூக்குமேல் கோபம். இப்போதும் அது குறைந்துவிடவில்லை, மூக்குக்கண்ணாடி வந்து அதை மறைத்திருக்கிறது.

சண்டைக்கு முன்னால் எங்கள் அப்பா அமைதியான மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. நடு அறையில் தொங்கிய மின்விளக்குக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பத்திரிகையை ஊருக்கே கேட்கும்படி வாசிப்பார். வரிக்கு வரி சொந்த அபிப்பிராயம் வேறு. ஞாயிற்றுக்கிழமையானால் கிட்டங்கி நண்பர் ஒருவரும் வந்து அவரோடு வாதாடுவார். சமையல்கட்டிலிருந்து அம்மா, “செய்தியை வாசிக்கிறீங்களா, ஏலம் போடுறீங்களா?” என்பாள். “உனக்கும் சேர்த்துத்தான்மா வாசிக்கிறேன், காசா கேட்டேன்?” என்பார் இவர். அந்த வெளிச்சத்தில்தான் நான் பாடம் எழுதினேன், அம்மா அரிசியில் கல் பொறுக்கினாள், தம்பி தவழ்ந்தான். வீடு என்று நான் நினைத்துக்கொண்டால் இன்றைக்கும் அந்த மஞ்சள் வட்டம்தான் வருகிறது.

முதல் குண்டு விழுந்தது பட்டப்பகலில். ஆகாயத்தில் விமானம் வருகிறது என்றதும் ஓடி ஒளிய யாருக்கும் தோன்றவில்லை. ஊரே தெருவில் இறங்கி அண்ணாந்து வேடிக்கை பார்த்தது. அப்பாவும் துறைமுகத்துப் பக்கம் தெருவில்தான் இருந்தார். சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு, சட்டை முழுக்கச் சுண்ணாம்புத் தூளோடு வீடு வந்து சேர்ந்தார். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, கேட்க எங்களுக்கும் தைரியம் வரவில்லை. மறுநாளே தீவை விட்டுப் படகேறிப் பெருநிலம் போய், தாசேக் கெலுகோரில் தோட்டத்து லயத்தில் இருந்த மாமா வீட்டில் ஒதுங்கினோம். கொஞ்ச நாள் கழித்து, எல்லாரும் திரும்புகிறார்கள் என்று நாங்களும் திரும்பினோம்.

திரும்பிவந்த அன்று சாயங்காலம் அம்மா வீட்டைக் கழுவித் துடைத்தாள். அந்தி நேரத்தில் வாசல் கதவைத் திறந்துவைத்துக் குத்துவிளக்கை ஏற்றினாள். வெளியே போயிருந்த அப்பா படியேறி வந்தார். சுடரைப் பார்த்தார். இரண்டே எட்டில் அறைக்குள் வந்து, குனிந்து, பூ என்று ஊதினார். எண்ணெய் தெறித்து அம்மாவின் கன்னத்தில் விழுந்தது.

“யாருக்குக் காட்டுறதுக்கு இந்த வெளிச்சம்?” என்றார். அது அவர் குரலே இல்லை. கதவைச் சாத்தினார். அம்மா கன்னத்தைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே நின்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் வெளிச்சம் என்பதே கிடையாது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினார், அதன்மேல் கோணிச் சாக்கை ஆணியடித்தார். பிறகு இருட்டடிப்புச் சட்டம் தளர்ந்து அக்கம்பக்கத்து வீடுகளில் சாயங்காலம் விளக்கு தெரிந்தது. எங்கள் வீட்டில் மட்டும் சாக்கு இறங்கவில்லை. மின்விளக்கு எரியாமல் போனபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதியைக்கூடப் பார்த்தேன். கடிகாரத்தை எல்லாம் ஜப்பான் நேரத்துக்கு மாற்றச் சொல்லியிருந்தார்கள். அதனால் மணி எக்கச்சக்கமாகக் காட்டும்போதுதான் பொழுதே சாயும். பொழுது சாய்ந்ததும் நாங்கள் குருடர்கள். மரவள்ளிக்கிழங்கைத் தடவித் தடவித் தின்போம். தம்பி இருட்டில் இடறி விழுந்து நெற்றி வீங்காத நாள் இல்லை. அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் நின்றுபோனது. தட்டை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியின் பாதியில், யாருக்கும் முகம் தெரியாத இடத்தில் உட்கார்ந்துகொள்வார். பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது.

எத்தனை நாளைக்குப் பொறுப்பேன் நான்? ஒரு சாயங்காலம் கொதித்துவிட்டேன். தம்பி மறுபடி விழுந்து வீரிட்டு அழுதான். “இது வீடா, பெருச்சாளி வளையா? குண்டு போட்டவனே விளக்கு வச்சுக்கிட்டுச் சாப்பிடுறான். நம்ம மட்டும் என்ன பாவம் செஞ்சோம்?” என்று படியைப் பார்த்துக் கத்தினேன். தட்டைக் கீழே வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தெருவுக்கு இறங்கும் காலடி.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, “அவரு இருட்டுக்கு ஆசைப்படலடி. வெளிச்சத்துக்குப் பயப்படுறாரு. பயந்த புள்ளைய இழுத்துக் கொண்டாந்து நிறுத்துனா வருமா?” என்றாள்.

“அப்ப காலத்துக்கும் இப்படியே கிடக்கணுமா?”

“நீ வாயைக் கொஞ்சம் மூடிக்க. நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, என் அம்மாவின் தந்திரத்தை நான் அதற்கு முன்னால் அறிந்திருக்கவில்லை.

முதலில் கீழ்வீட்டுச் சீனத்தியிடம் போனாள். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, எங்கள் அம்மாவுக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் பொதுவாகச் சந்தைப் பேச்சான பாசார் மலாயில் நாலு வார்த்தை இருந்தது, மீதியைக் கையால் பேசுவார்கள். ஒரு பழைய பிஸ்கட் டின் கேட்டு வாங்கினாள். அதன் ஒரு பக்கத்தை மட்டும் கத்தரித்து, கூர்முனையைக் கல்லால் தட்டி மடக்கினாள். பால் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்டாள். திரி, அப்பாவின் கிழிந்த வேட்டியில் உருட்டியது. மாமா கொடுத்தனுப்பிய செம்பனை எண்ணெய் ஒரு போத்தல் இருந்தது. அது புகை கக்கும், வீடே கரியாகும். துணியில் வடிகட்டி, தெளியவைத்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து, அதில் ஒரு துண்டு செரையைத் தட்டிப் போட்டாள். எலுமிச்சை வாசம் வரும் அந்தப் புல்லுக்குக் கொசுவும் கொஞ்சம் விலகும்.

டின்னுக்குள் அந்தக் குட்டி விளக்கை வைத்து, டின்னை அரிசிப் பானைக்குப் பின்னால், சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தாள். ஏற்றியபோது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தரையில் வெளிச்சம் விழுந்தது. அவ்வளவுதான்.

அப்பா படியேறி வந்து நின்றார்.

“அது என்ன?”

“எலிங்க. அரிசியில வாய வைக்குது. எலிக்கு வச்சிருக்கேன்,” என்றாள் அம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பானையில் எலி திருடும் அளவுக்கு அரிசி எங்கே இருந்தது? அப்பா கொஞ்ச நேரம் அந்தத் தட்டளவு வெளிச்சத்தையே பார்த்தார். ஜன்னல் சாக்கை ஒரு தடவை இழுத்துச் சரிபார்த்தார். ஊதவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு படிக்குப் போய்விட்டார்.

அதிலிருந்து தினமும் எலிக்கு விளக்கு ஏறியது.

அம்மா அந்த மூலையை ஒட்டியே வீட்டைக் கட்ட ஆரம்பித்தாள் என்றுதான் சொல்லவேண்டும். பானைக்குப் பக்கத்தில் பாயை விரித்தாள். அந்தப் பாய் எந்நேரமும் துடைத்துச் சுத்தமாக இருக்கும், காலைக் கழுவாமல் மிதித்தால் எனக்கு அடி விழும். கோணிச் சாக்கு கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் தான் கல்யாணமான புதிதில் கட்டிய பழைய சேலை ஒன்றை, வெளிறிய மாம்பழ நிறம், மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டாள். தலையணை உறைக்குள் மணத்துக்குப் பாண்டான் இலையை முடிந்துவைத்தாள். சர்க்கரை கிடையாது, காப்பித்தூள் கிடையாது. இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில், இருந்தால் ஒரு சிட்டிகை பனைவெல்லம் கலந்து ஆளுக்கு ஒரு குவளை. குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த மூலையில் உட்கார்ந்தால், வெளியே என்ன ராஜாங்கம் நடந்தாலும் நமக்கென்ன என்று இருக்கும். பசித்த வயிறுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

“விளக்கு கண்ணுல படக்கூடாதுடி, கையில படணும்,” என்பாள் அம்மா. சுடர் டின்னுக்குள் ஒளிந்திருக்கும். வெளிச்சம் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பி, பாயின்மேல், எங்கள் கைமேல், தம்பியின் பாதத்தின்மேல் படிந்திருக்கும். இப்போது என் பேத்தி ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்துச் சுவருக்குள் விளக்கைப் பதித்து, “பாட்டி, எவ்வளோ சாஃப்டா இருக்கு பாருங்க” என்கிறாள். எங்களுக்கு இதைப் பிஸ்கட் டின் எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டது என்று வாய்வரை வரும். பாவம், ஆசையாக வாங்கியிருக்கிறாள் என்று விழுங்கிவிடுவேன்.

டின் நகரத் தொடங்கியது. இன்றைக்குப் பானையின் இந்தப் பக்கம், அடுத்த வாரம் ஒரு விரல் அளவு முன்னால். அப்பா கவனிக்காத மாதிரிதான் இருந்தார். எனக்குத்தான் பொறுமை இல்லை. ஒருநாள் அம்மா குளிக்கப் போயிருந்தபோது டின்னைத் திருப்பி அறைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். அப்பா வந்தார், வாசலிலேயே நின்றார், அப்படியே திரும்பிப் படியிறங்கிப் போனார். அன்று அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “ஒரு மாச வேலையக் கெடுத்தியேடி,” என்று டின்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழையபடி பானைக்குப் பின்னால், பழையபடி சுவரைப் பார்க்க வைத்தாள். முதலிலிருந்து தொடங்கினாள்.

எல்லா வீட்டிலும் பூச்செடியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் வீட்டிலும் இருந்த தகரத்திலெல்லாம் மரவள்ளியும் கீரையும்தான். செம்பருத்தித் தகரம் மட்டும் தப்பித்து நின்றது. “பூவைத் தின்ன முடியுமா? அதுல ரெண்டு கிழங்கு வருமே,” என்று நான் சண்டை பிடித்தேன். “இருக்கட்டும்,” என்றாள். எலி விளக்கைக்கூட அவள் இதழால்தான் குளிர வைத்தாள். அப்பா ஊதியதைப் பற்றி மட்டும் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் குத்துவிளக்கைத் துணியில் சுற்றி அலமாரியின் அடியில் வைத்தவள், அதை வெளியே எடுக்கவும் இல்லை.

ஒரு சாயங்காலம் எங்கிருந்தோ கொஞ்சம் சூடை மீன் கிடைத்தது. மீனைப் பார்த்து நாளாகியிருந்ததால் எல்லாருக்கும் அவசரம். நாங்கள் பாயில் உட்கார்ந்திருந்தோம், அப்பா வழக்கம்போலப் படியில். திடீரென்று தம்பி கையைக் காலை உதறினான். தொண்டையில் முள். கத்தவும் முடியவில்லை, மூச்சு இழுத்து இழுத்து வாங்குகிறான். அம்மா முதுகில் தட்டுகிறாள், வாயில் சோற்று உருண்டையைத் திணிக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தட்டளவு வெளிச்சத்தில் பிள்ளையின் வாய்க்குள் எதைப் பார்ப்பது?

படியில் தட்டு உருண்டு விழும் சத்தம் கேட்டது. அப்பா பாய்ந்து வந்தார். டின்னுக்குள் கையை விட்டு அந்தக் குட்டி விளக்கை வெளியே எடுத்தார். சுடச்சுட இருந்திருக்கும், அவர் கண்டுகொள்ளவில்லை. என் கையில் கொடுத்து, “கிட்டப் பிடி. ஆட்டாத,” என்றார். தம்பியை மடியில் கிடத்தி, வாயைத் திறந்து, இரண்டு விரலை விட்டு முள்ளை எடுத்தார். தம்பி ஓவென்று அழுதான். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் பிறகு கேட்டதில்லை.

அப்போதுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அவ்வளவு கிட்டத்தில், வெளிச்சத்தில். தாடி வளர்ந்து நரைத்திருந்தது. கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போயிருந்தது. இந்த மனிதரைப் பார்த்தா பெருச்சாளி வளை என்று கத்தினேன்?

விளக்கை உள்ளே வைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தம்பியின் தலையைத் தடவிக்கொண்டே சுடரைப் பார்த்துப் பேசினார்.

“அவன் கடை வாசல்ல, அஞ்சடி நடைபாதை நிழல்லதான் நின்னான். நான்தான் கூப்பிட்டேன். வாய்யா, வெளிய வந்து பாரு, பிளேன் வெயில்ல எப்படிப் பளபளன்னு மின்னுதுன்னு. வந்தான். என் பக்கத்துலதான் நின்னான்.”

கிட்டங்கியில் அவரோடு ஒரே மேசையில் வேலை பார்த்த நண்பரைத்தான் சொல்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்து, அந்த மின்விளக்குக்குக் கீழே அப்பாவோடு சத்தம் போட்டு விவாதம் செய்தவர். அவர் செத்துப்போனது தெரியும். இப்படி என்று தெரியாது.

“எது மின்னுனாலும் நான் அவனைக் கூப்பிடுற மாதிரியே இருக்கு,” என்றார் அப்பா. அவர் தோள் குலுங்கியது. அப்பா அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அம்மா இஞ்சித் தண்ணீர்க் குவளையை அவர் கையில் வைத்து, அவர் விரல்களைச் சுற்றி மூடிவிட்டாள். “நீங்க கூப்பிட்டதுனாலயா குண்டு விழுந்துச்சு? வராம இருந்திருந்தாலும் அந்த அஞ்சடியே இடிஞ்சு போச்சுங்களே. குடிங்க, ஆறிடும்.”

குடித்தார். அன்று எங்களோடு பாயிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்றால் அது பொய். அதற்குப் பிறகும் சில சாயங்காலம் தட்டோடு படிக்குப் போனார். ஆனால் திரும்பி வந்தார். துறைமுகத்திலிருந்து உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, டின்னுக்குப் பின்னால் சாய்த்துவைத்து, “எலிக்குக் கண்ணு மங்கலாம்மா, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கேக்குது,” என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல நாளுக்கு அப்புறம் அவர் செய்த முதல் கேலி அது. மறுநாள் அலமாரியின் அடியிலிருந்து குத்துவிளக்கு வெளியே வந்தது. புளி போட்டுத் துலக்கியது நான். கை சிவக்கச் சிவக்கத் துலக்கினேன். டின்னில் வத்திப்பெட்டியைப் போட்டுவைத்தோம், நெருப்புக்குச்சி தங்கம் மாதிரி ஆகிவிட்ட காலம்.

சண்டையின் கடைசிப் பக்கம் மறுபடி விமானம் வரத் தொடங்கியது. இந்தத் தடவை வந்தது மற்ற கட்சி, வெள்ளைக்காரன் பக்கம். மறுபடி இருட்டடிப்பு, மறுபடி சட்டம். நாங்கள் சேலைத் திரைக்குப் பின்னால் சாக்கைச் சரியாக இழுத்துவிட்டு, கதவையும் சாத்திக்கொண்டு குத்துவிளக்கை ஏற்றுவோம். ஒருநாள் பொழுது சாய்ந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அப்பா பாயில் உட்கார்ந்து, இல்லாத பத்திரிகையை விரித்துவைத்துப் படிப்பதுபோலத் தம்பிக்குக் கதை அளந்துகொண்டிருந்தார். தெருவில் விசில் ஊதியது. எங்கள் சந்துக்குக் காவல் பார்க்கும் தமிழாள் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

“மேல் வீட்டு அண்ணே, சாக்கு ஓரம் விலகியிருக்கு லா. வெளிச்சம் தெரியுது. சீக்கிரம் அணைங்க, அவனுங்க வர்றானுங்க.”

தூரத்தில் விமானத்தின் உறுமல் கேட்க ஆரம்பித்திருந்தது. தம்பி அழுகைக்கு வாயைக் கோணினான். அம்மா அசையவில்லை, அப்பாவையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் விளக்கை நோக்கிக் குனிந்தார். ஊதப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஊதினால் மறுபடி படிக்குப் போய்விடுவார், மறுபடி அவரை யார் கூட்டிவருவது என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கீழே விசில் இன்னொரு தடவை ஊதியது.

அப்பா விளக்கடியில் இருந்த செம்பருத்தியை எடுத்தார். அதில் ஓர் இதழைப் பிய்த்தார். இதழ் ஒருமுறை கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, எண்ணெயில் தொட்டு, திரியின் தலையில் வைத்து மெல்ல அழுத்தினார்.

இருட்டில் அம்மா விம்முவது கேட்டது. விமானம் எங்கள் தலைக்கு மேலே போனது. அப்பாவின் கை என்னைத் தேடி, தம்பியைத் தேடி, எங்களை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டது. அவர் சட்டையில் செரை வாசம் அடித்தது.

“வத்திப்பெட்டி என் மடியிலதான் இருக்கு,” என்றார். “பிளேன் போகட்டும். ஏத்திக்கலாம்.”